திருகோணமலையில் இருந்து அரச தளங்களைத் தட்டினால்: எது கைகொடுக்கும், எது கைவிரிக்கும்

விளக்கமறியலில் இருக்கும் ஒருவரின் அடுத்த தவணை எப்போது என்று கூகுளில் தேடினால், முதலில் வந்து நிற்பவை அமெரிக்க மாநிலங்களின் கைதி தேடும் பக்கங்கள். பெயரைத் தட்டினால் எந்தச் சிறை, என்ன குற்றச்சாட்டு என்று காட்டிவிடும். அங்கே அவை பெரும்பாலும் பொதுப் பதிவேடு. இலங்கையில் அப்படி ஒரு தேடுபெட்டி கிடையாது. சிறைச்சாலைத் திணைக்களத்தின் தளத்தில் ஆண்டுவாரியான புள்ளிவிவரம் உண்டு, ஆள்வாரியான பட்டியல் இல்லை. நீதவான் நீதிமன்ற வழக்கேடும் அப்படித்தான். ‘இலங்கைப் பெயரையும் தேடித் தருகிறோம்’ என்று சொல்லி வங்கி அட்டை இலக்கம் கேட்கும் தளங்களுக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம். அவர்களிடம் இருப்பது முகநூலில் கிடைப்பதைத் தாண்டாது.

அப்படியானால் அரச தளங்கள் எதற்கு? இலக்கம் எடுக்க. வர்த்தமானி இலக்கம், சட்ட இலக்கம், மேன்முறையீட்டு வழக்கு இலக்கம், விண்ணப்பக் குறிப்பிலக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோருக்குப் போனால் வேலை நடக்கும். ஆளைப் பற்றிய தகவலைத் தளத்திலேயே எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில் பார்த்தவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில் இருப்பதால் பொலிஸ், குற்றம் சம்பந்தமான தகவலும் மாகாணத் தளத்தில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1987இன் 13ஆவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தை மாகாணத்துக்கு என்று எழுதிவைத்தது உண்மை, ஆனால் நடைமுறையில் அது கைமாறவே இல்லை. ஆகவே அந்தத் தளத்தில் கைது, வழக்கு பற்றி ஒரு வரியும் தேடாதீர்கள். அங்கே உருப்படியாகக் கிடைப்பவை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் ஆட்சேர்ப்பு அறிவித்தல்கள், கேள்விமனுக்கள், சுற்றறிக்கைகள், திணைக்களத் தொலைபேசி இலக்கங்கள். சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்து நிர்வாகம் ஆளுநரின் கீழ் போய்விட்டதால், அமைச்சர், உறுப்பினர் என்று எங்காவது பட்டியல் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தின் திகதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள். மாவட்டச் செயலகத்தின் தளம் இதைவிடச் சின்னது. 11 பிரதேச செயலகங்களின் தொடர்பு விவரங்கள் அதில் இருப்பதே போதும். நகரத்தில் இருப்பவர்களுக்கு உரியது ‘பட்டினமும் சூழலும்’ என்ற பெயரில் இருக்கிறது, ‘திருகோணமலை’ என்று தனியாகத் தேடினால் அகப்படாது.

இருப்பதிலேயே நம்பிப் போகக்கூடியது அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளம்: டொகியுமென்ட்ஸ் டொட் கவ் டொட் எல்கே. வாராந்த வர்த்தமானி, அதிவிசேட வர்த்தமானி, சட்டமூலம், சட்டம் எல்லாம் மூன்று மொழியிலும் பீ.டி.எப். கோப்பாக இறக்கலாம். பதிவு செய்யத் தேவையில்லை, காசும் இல்லை. ஆனால் உள்ளே போகும்போது திகதியாவது இலக்கமாவது கையில் இருக்க வேண்டும், தலைப்பை வைத்துத் தேடினால் சறுக்கும்.

இலக்கத்தை வாசிப்பதிலேயே பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். 2004/66 என்று கண்டதும் 2004ஆம் ஆண்டைத் திறக்கிறார்கள். அது ஆண்டு அல்ல. வெள்ளிக்கிழமைதோறும் வரும் வர்த்தமானிக்குத் தொடர்ந்து ஏறிவரும் இலக்கம் ஒன்று உண்டு. அந்த வாரத்தில் வெளியாகும் அதிவிசேடங்கள் அதே இலக்கத்துக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு 1, 2, 3 என்று போகும். 2004/66 வெளியானது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒழுங்குவிதிகளும் பிரதிக் கட்டணங்களும் அதில்தான் இருக்கின்றன. பின்னால் அது தேவைப்படும், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பிரதியில் பெரிய தலையிடி, சொல் தேட முடியாமல் இருப்பது. பழைய கோப்புகளில் பல யூனிகோட்டில் இல்லை. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை. திரையில் ‘திருகோணமலை’ என்று அழகாகத் தெரியும். அதையே பிரதி பண்ணி வேறோர் இடத்தில் ஒட்டினால் ஜே, பீ, யூ, என், எப் என்று ஆங்கில எழுத்துக் கூளமாக விழும். கோப்புக்குள் தமிழில் தேடினால் ஒன்றும் இல்லை என்று சொல்லும், ஆனால் சொல் அங்கேதான் கிடக்கும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, எண்களைத் தேடுவது: பாமினியிலும் 1, 2, 3 மாறுவதில்லை, ஆகவே பிரிவு இலக்கமோ சட்ட இலக்கமோ அகப்படும். மற்றது, ஆங்கிலப் பிரதியைத் திறந்து சொல்லைத் தேடி, அது எத்தனையாவது பிரிவு, எத்தனையாவது உட்பிரிவு என்று குறித்துக்கொண்டு, தமிழ்ப் பிரதியில் அதே பிரிவுக்குப் போவது. பக்க இலக்கத்தை நம்ப வேண்டாம், மொழிக்கு மொழி பக்கம் நகரும். ஸ்கேன் பண்ணிப் போட்ட கோப்பென்றால் இரண்டு வழியும் பலிக்காது, கண்ணால் வாசிக்க வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் தேடும்போது ஊர்ப்பெயர் இன்னொரு பொறி. மூதூரை ஓரிடத்தில் ஒரு ‘டி’யும் இன்னோரிடத்தில் இரண்டும் போட்டு எழுதுகிறார்கள், ‘டிஎச்’ போட்டும் வருகிறது. குச்சவெளிக்கு ‘வி’யும் உண்டு ‘டபிள்யூ’வும் உண்டு. ஈச்சிலம்பற்று சில ஆவணங்களில் வெருகல் என்ற பெயரில் இருக்கும். தம்பலகாமம் தமிழிலேயே சில இடங்களில் ‘தம்பலகமுவ’ ஆகிவிடுகிறது. ஒரு எழுத்துக்கூட்டலில் அகப்படவில்லை என்பதை வைத்து ஆவணமே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

சட்டங்களை இறக்கும்போது மேலும் இரண்டு விஷயம். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிரிவு இருக்கும். தமிழில் வாசித்ததை வைத்து மனு எழுதுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் ஒப்பிட்டுக் கேட்பது நல்லது. அடுத்தது, தளத்தில் இருப்பது சட்டம் நிறைவேறிய அன்றைய வடிவம். பின்னால் வந்த திருத்தம் தனிக் கோப்பாக வேறு ஆண்டில் கிடக்கும், சட்டமே நீக்கப்பட்டிருந்தாலும் பழைய கோப்பில் அதைச் சொல்லும் குறிப்பு இராது. 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டத்தை இன்றும் இறக்கி வாசிக்கிறார்கள். அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்துவிட்டது. பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கான 2015இன் 4ஆம் இலக்கச் சட்டமும் அதேபோல 2023இன் 10ஆம் இலக்கச் சட்டத்துக்கு இடம்விட்டது. தேடலில் மேலே வருவதோ பழையது. சட்டத்தின் பெயரோடு ‘நீக்குதல்’, ‘திருத்தம்’ என்ற சொற்களையும் சேர்த்து ஒரு தடவை ஆங்கிலத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் மேற்கோள் காட்ட வேண்டும்.

இனி பொலிஸ் தளம். இதில் மக்கள் அதிகம் பாவிப்பது வெளிநாடு போகிறவர்களுக்கான கிளியரன்ஸ் விண்ணப்பம், அதாவது குற்றப் பதிவு இல்லை என்று காட்டும் பொலிஸ் சான்றிதழுக்கானது. இந்தச் சேவை நல்லது என்றே சொல்ல வேண்டும். கொழும்புத் தலைமையகம் வரை பஸ் ஏறாமல் விண்ணப்பித்து, அட்டையால் பணம் கட்டி, குறிப்பிலக்கத்தை வைத்து எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றும் பார்க்கலாம். கட்டணம் மாறுவதால் ஏஜென்சிக்காரர் சொல்லும் தொகையை விட்டுவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் காட்டுவதைப் பாருங்கள்.

தாமதம் வருவது பெரும்பாலும் விண்ணப்பதாரரின் பக்கத்தில் இருந்துதான். நீங்கள் எழுதும் முகவரிக்குரிய பொலிஸ் நிலையத்துக்கு விசாரணை போகிறது. அங்கே அந்த முகவரியில் உங்களைத் தெரியாது என்றால் கோப்பு அப்படியே நிற்கும். உப்புவெளிப் பொலிஸ் பிரிவில் இருந்துகொண்டு ‘திருகோணமலை’ என்று பொதுவாகப் போடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். தலைமையகப் பொலிஸ் நிலையம், உப்புவெளி, சீனக்குடா, நிலாவெளி எல்லாம் வேறு வேறு. சந்தேகமென்றால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, கிராம அலுவலர் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள். இடம்பெயர்ந்து வேறு ஊரில் இருந்த காலத்தை விட்டுவிடாதீர்கள். பெயர் கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அடையாள அட்டையில் முதலெழுத்தும் கடவுச்சீட்டில் முழுப்பெயருமாக இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். பழைய அட்டையின் 9 இலக்கமும் எழுத்தும், புதிய அட்டையின் 12 இலக்கம், இரண்டும் உள்ளவர்கள் ஒன்றையே எல்லா இடத்திலும் போட வேண்டும். எந்த நாட்டுக்கு, என்ன தேவைக்கு என்று கேட்கும் பெட்டியையும் அவசரத்தில் நிரப்பாதீர்கள். நாட்டைப் பிழையாகக் காட்டும் சான்றிதழைத் தூதரகம் ஏற்காமல் விட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதே தளத்தில் பாரதூரமான குற்றங்களின் ஆண்டுச் சுருக்கம் போடுகிறார்கள். ஆய்வு செய்யும் மாணவர்களும் ஊடகக்காரரும் எடுக்கும் அட்டவணை இதுதான். ஒரு எச்சரிக்கை: திருகோணமலை மாவட்டமும் திருகோணமலைப் பொலிஸ் பிரிவும் ஒன்றல்ல. கந்தளாய் தனிப் பொலிஸ் பிரிவாக வேறு வரியில் இருக்கும். அதைக் கூட்டாமல் மாவட்டத் தொகை என்று எழுதினால் கணக்குக் குறையும். பதிவான முறைப்பாடு, விசாரணைக்குப் பிறகு உண்மை என்று கொண்டது, குற்றவாளியாகத் தீர்த்தது ஆகிய மூன்றும் வேறு வேறு நிரல்கள். இந்த ஆண்டு தீர்ப்பானது பல வருடத்துக்கு முன் பதிவானதாக இருக்கலாம், ஆகவே ஒன்றை மற்றதால் பிரித்து நூற்றுவீதம் போடுவது தப்பு.

நீதிமன்றங்களுக்கு வந்தால், மேலே போகப் போகத் தகவல் கூடும், கீழே வர வரக் காய்ந்துவிடும். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் தளங்களில் தீர்ப்புகளை முழுதாகப் போடுகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில். திருகோணமலை மேல் நீதிமன்றக் குற்றவியல் வழக்கொன்று மேன்முறையீட்டுக்குப் போயிருந்தால், தீர்ப்பின் முதல் பக்கத்தில் இரண்டு இலக்கங்கள் இருக்கும்: மேன்முறையீட்டு இலக்கம், அதற்குக் கீழே திருகோணமலை மேல் நீதிமன்றத்தின் மூல இலக்கம். பதிவறையில் பிரதி கேட்பவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது. தளத்தின் சொந்தத் தேடுபெட்டியைவிடக் கூகுளில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்த்து, பிறகு ‘ஹைகோர்ட் ட்ரின்கோமலி’ என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் வேகமாக அகப்படும்.

கீழே உள்ள நீதிமன்றங்களுக்கு இந்த வழி கிடையாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றம் சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுவித்தது. செய்திகளும் மனித உரிமை அறிக்கைகளும் இணையத்தில் தாராளம். ஆனால் அன்றைய கட்டளையைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும் என்றால் போகவேண்டிய இடம் நீதிமன்றப் பதிவறை. அத்தனை பெயர் பெற்ற வழக்குக்கே நிலைமை இது, சாதாரண அடிதடி வழக்குக்குச் சொல்ல வேண்டியதில்லை. சான்றுப்படுத்திய பிரதிக்கு வழக்கு இலக்கம், கடைசித் தவணைத் திகதி, நீங்கள் வழக்கில் யார் என்ற விவரம், முத்திரைக் கட்டணம் ஆகியவை தேவை. வழக்காளி அல்லாதவர் சட்டத்தரணி மூலம் கேட்பதுதான் நடக்கிற காரியம். கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது, ஆகவே விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

வழக்கு இலக்கம் இன்னும் விழாத கட்டத்தில் பொலிஸ் நிலையத்தின் புத்தகத்தில் இருந்து தொடங்க வேண்டும். சிறு குற்றத்துக்கு ஒரு தகவற் புத்தகம், பாரதூரமான குற்றத்துக்கு வேறொன்று. முறைப்பாடு எழுதும் அன்றே எந்தப் புத்தகம், பக்கம், பந்தி இலக்கம் என்று துண்டில் கேட்டு வாங்குங்கள். 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவுப்படி, வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டி, ஒப்பம் வாங்க வேண்டும். புரியாத மொழியில் எழுதியதில் ஒப்பம் வைத்துவிட்டு வந்தால் பிறகு எந்தத் தளமும் உதவாது.

இப்போது தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஆணைக்குழுவின் தளத்தில் சட்டம், படிவங்கள், ஆணைக்குழு கொடுத்த தீர்மானங்கள் எல்லாம் இருக்கின்றன. இவ்வளவு தளங்களிலும் உண்மையில் காரியம் சாதிக்கும் ஆயுதம் இதுதான். ஆர்.டி.ஐ. 01 படிவம் இருந்தால் நல்லது, வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். கனடாவிலோ லண்டனிலோ பிரஜாவுரிமை எடுத்து இலங்கையுரிமையை விட்டவர்கள் ஊரில் இருக்கும் உறவினரைக் கொண்டு கேட்பிக்கலாம். மனுவை வாங்க வேண்டியவர் அந்தந்த நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தர். அப்படி ஒருவர் நியமிக்கப்படவில்லை என்று கைவிரித்தால், 23ஆம் பிரிவுப்படி அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் உத்தியோகத்தர். அவர் பெயருக்கே கொடுங்கள்.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் வெற்றி தோல்வி. ‘ஏன் இன்னும் சந்தேகநபரைக் கைது செய்யவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. அது அபிப்பிராயம், ஆவணம் அல்ல. ‘இன்ன திகதியில் இன்ன நிலையத்தில், இன்ன புத்தகத்தில் இன்ன பக்கத்தில் பதிந்த முறைப்பாடு தொடர்பாக இன்றுவரை எழுதப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் சான்றுப்படுத்திய பிரதி’ என்று கேளுங்கள். விசாரணைக்குப் பங்கம் என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள் என்று எதிர்பார்த்து, இரண்டாவது வரியில் ‘நீதிமன்றத்துக்கு அறிக்கையிட்டிருந்தால் பீ அறிக்கை இலக்கமும் திகதியும்’ என்றும் சேர்த்துவிடுங்கள். பீ அறிக்கை என்பது விசாரணை பற்றிப் பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை. முதலாவது மறுக்கப்பட்டாலும் இரண்டாவதை மறுப்பது கடினம். அந்த இலக்கம் கிடைத்தால் பதிவறைக் கதவு திறந்த மாதிரி. அயலவரின் பழைய குற்றப் பதிவைக் கேட்டால் அந்தரங்கம் என்று நிராகரிப்பார்கள், அது நியாயமும்கூட.

நாட்கணக்கு: தீர்மானம் சொல்ல 14 வேலை நாள். கொடுப்பதாகத் தீர்மானித்துக் கட்டணம் கட்டிய பின் 14 நாள். பெரிய தொகுப்பென்றால் மேலதிகமாக 21 நாள்வரை நீட்டலாம். ஒருவரின் உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். தடுத்து வைக்கப்பட்டவர் எங்கே என்று கேட்கும் மனுவில் இந்த 48 மணித்தியால விதியை முதல் வரியிலேயே எழுதுங்கள். மறுப்போ மௌனமோ வந்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. மனு கொடுக்கும்போதே ஏற்றுக்கொண்டதற்கான எழுத்தை வாங்காதவர்கள் இந்தப் படிகளில் ஏறவே முடியாது, நாள் எங்கிருந்து எண்ணுவது என்று காட்ட ஒன்றும் இராது. கட்டணம் ஒரு பொருட்டல்ல: ஏ4 தாளில் ஒரு பக்கப் பிரதிக்கு 2 ரூபா, மின்னஞ்சலில் வாங்கினால் இலவசம்.

1919 அரச தகவல் நிலையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் பேசலாம். எந்தத் திணைக்களத்துக்குப் போவது, என்னென்ன ஆவணம் கொண்டுபோவது என்பதற்குச் சரியான இலக்கம். உங்கள் கோப்பு எங்கே நிற்கிறது என்று அங்கே கேட்பதில் பலன் இல்லை. பொலிஸ் நடத்தை பற்றிய முறைப்பாடு என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் 1960, இலஞ்சம் என்றால் 1954.

கைது, தடுப்பு, சித்திரவதை சம்பந்தமான விஷயத்தில் மட்டும் தளங்களைத் துழாவிக்கொண்டோ தகவல் மனுவின் பதிலுக்குக் காத்துக்கொண்டோ இருக்க வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு 126ஆம் உறுப்புரை கொடுக்கும் காலம் ஒரே ஒரு மாதம், மேலே சொன்ன நாட்கணக்கு அதை இலேசாக விழுங்கிவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்தியக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாடு கொடுத்தோம் என்பது மட்டும் உயர் நீதிமன்றத்துக்குப் போதாது. முறைப்பாட்டு இலக்கத்தோடு, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்கி, மூலத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். ஆணைக்குழுவின் துரித இலக்கமும் 1996தான்.